கால் ஊன்ற இடம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு செல் ஒட்டி நிற்கும் பரப்பு, அதாவது அதன் தரை, அதன் போக்கை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம். சிலந்தி நூலிலிருந்து தொடங்குகிறேன்.

ராஸ் ஹாரிசன் என்ற உயிரியலாளர், கருவிலிருந்து எடுத்த செல்களைச் சிலந்தி வலை இழைகளின் மேல் விட்டுப் பார்த்தார். அவை இஷ்டத்துக்குப் பரவவில்லை. இழையைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கிலேயே நீண்டன. 1914-இல் இதை விரிவாக எழுதினார்.

சரி, இது திசை பற்றிய விஷயம். ஒரு செல் வளர்வதா, சாவதா என்பதிலும் தரைக்குப் பங்கு உண்டா?

1997-இல் டொனால்ட் இங்பர், ஜார்ஜ் வொயிட்சைட்ஸ் ஆகியோர் அடங்கிய குழு இதைச் சோதித்தது. செல் ஒட்டக்கூடிய நுண்ணிய திட்டுகளைச் செய்து, இரத்த நுண்குழாய்ச் செல்களை அவற்றில் குடியேற்றினார்கள். சின்னத் திட்டில் ஒடுங்கிய செல்கள் மடிந்தன. பெரிய திட்டில் விரிந்தவை பிழைத்துப் பெருகின. "பெரிய திட்டில் பிடிமானம் அதிகம், அவ்வளவுதானே?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு அவர்கள் வழி கண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டும் பரப்பைக் கூட்டாமல், அதையே பொடிப்பொடிப் புள்ளிகளாக்கி இடைவெளி விட்டுப் பரப்பினார்கள். செல் புள்ளிக்குப் புள்ளி எட்டிப் பிடித்து, அகல விரிந்து நின்றது. தொட்ட பரப்பு கூடவில்லை, ஆனாலும் வளர்ந்தது!

காரணம், செல் தரையைத் தொட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை, பிடித்து இழுக்கிறது. இன்டெக்ரின் என்ற புரதங்கள் கொக்கிபோலப் பற்ற, செல்லுக்குள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் கூடாரக் கயிறாக விறைக்கின்றன. அந்த இழுவிசை உட்கருவரை எட்டுகிறது. அப்போது யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய், பெருக்கத்துக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஒடுங்கிய செல்லில் யாப் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியிலேயே தங்கிவிடும்.

வளைவுக்கும் செல்கள் இசைகின்றன. எலும்பு செல்களை முக்கோணத் துளைக்குள் வளர்த்தால், திசு முதலில் மூலைகளைத்தான் நிரப்பும். நடுவில் மிஞ்சும் ஓட்டை மெல்ல வட்டமாகிவிடும். சதுரத் துளையிலும் இதே கதைதான்.

அப்புறம், பல் மருத்துவர்கள் தாடையில் பதிக்கும் டைட்டானியம் திருகு. அதை வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். சோதனைத் தட்டில் பார்த்தால், வழுவழுப்பான டைட்டானியத்தில்தான் எலும்பு செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. சொரசொரப்பில் எண்ணிக்கை குறைவு. ஆனால் அங்கேதான் அவை முதிர்ந்து, எலும்பு கட்டும் வேலையில் இறங்குகின்றன.