67 பேர் இறந்தபின் கேட்ட முதல் கேள்வி

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன் அக்காமார்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பினாங்குத் தமிழ் மக்களுக்கும் வணக்கம். ராணுவ விமானம் விபத்துக்குள்ளானால் முதல் கேள்வி விமானிக்கா, அமைப்புக்கா என்பது தலைப்பு. அமைப்புக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் வாஷிங்டன் விபத்தை எடுத்துக்கொண்டார். ஹெலிகாப்டரை ஓட்டிய பெண்ணுக்கு வெறும் 450 மணி நேரம்தான் பறந்த அனுபவம், அவரை அந்த இருக்கையில் உட்காரவைத்தது யார் என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அதையே பேசுவோம்.

2025 ஜனவரி 29, இரவு. கான்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த பயணிகள் விமானம் ரீகன் விமான நிலையத்தில் இறங்கப் போகும் நேரத்தில், பொடோமாக் ஆற்றுக்கு மேலே ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரோடு மோதியது. விமானத்தில் 64 பேர், ஹெலிகாப்டரில் 3 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள், ஆற்றில் உடல்களைத் தேடும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, அதிபர் டிரம்ப் நிருபர்கள் முன்னால் வந்து, எல்லாத் தரப்பினருக்கும் இடம் கொடுக்கும் வேலைக் கொள்கைதான் காரணம் என்பது போலப் பேசினார். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, எனக்குப் பொதுப்புத்தி இருக்கிறது என்பதுதான் பதில். இணையத்தில் இன்னும் மோசம். அந்த ஹெலிகாப்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு திருநங்கை விமானிதான் அதை ஓட்டினார் என்று கிளப்பிவிட்டார்கள், அந்த மனுஷி தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வீடியோ எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

இப்போது அந்த 450க்கு வருகிறேன். அனுபவத்தைப் பற்றிக் கேட்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை இருக்கிறது. ஆனால் கேட்டால் முழுதாகக் கேளுங்கள் அண்ணே. அன்று இரவு நடந்தது அந்தப் பெண்ணுக்கான வருடாந்திரச் சோதனைப் பறப்பு, இரவுப் பார்வைக் கண்ணாடி போட்டுப் பறக்கும் திறமையையும் சேர்த்துச் சோதிப்பது. பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் இருந்தார், ஆண், 968 மணி நேரம் பறந்தவர். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோதிய விமானத்தின் கேப்டன் கிட்டத்தட்ட 4,000 மணி நேரம் பறந்தவர், அவருடைய அனுபவத்தாலும் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்த மேடையில் கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதைத் தோண்டி எடுத்தது. அந்த ஆற்றோரம் ஹெலிகாப்டர்களுக்கென்று ஒரு பாதை, அதில் 200 அடிக்கு மேல் ஏறக் கூடாது. மோதிய உயரம் 278 அடி. ஆமாம், ஹெலிகாப்டர் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை, அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் பதிவுக் கருவியில் என்ன இருந்தது தெரியுமா? மோதலுக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தப் பெண் 300 அடி என்கிறார், பயிற்றுநர் 400 அடி என்கிறார். ஒரே ஹெலிகாப்டரில் இருந்த இருவரும் இரண்டு உயரம் சொல்கிறார்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் சேர்த்து ஒரே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்துக்குப் பின்னால் போ என்று அவர் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டரின் மைக் பொத்தான் 0.8 வினாடி அமுங்கியிருந்தது, அந்தக் கட்டளையின் ஒரு துண்டு அவர்கள் காதுக்கே போகாமல் இருந்திருக்கலாம் என்கிறது வாரியம்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஹெலிகாப்டர் 200 அடியில் ஒழுங்காகப் பறந்து, விமானமும் 33ஆம் எண் ஓடுதளத்துக்கு ஒழுங்காக இறங்கினால்கூட, சில இடத்தில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வெறும் 75 அடி. நம்ம ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஏறக்குறைய பாதி உயரம். எல்லாரும் சட்டப்படி பறந்தாலே இவ்வளவுதான் என்று வரைபடம் போட்டுக் கொடுத்தவர்கள் யார்?

2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த விமான நிலையத்தைச் சுற்றிப் பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்கும் குறைவாகவும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவாகவும் நெருங்கிய சம்பவங்கள் 15,214. அதில் 85 இன்னும் பயங்கரம், 1,500 அடிக்குள், உயரத்தில் 200 அடிக்கும் குறைவு. அத்தனையும் விமானத் துறையின் தரவுகளிலேயே கிடந்தவை. இந்த எண்ணைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்த 15,214 தடவையும் அந்தப் பெண்ணா ஓட்டினார்? 2026 ஜனவரியில் வாரியம் தீர்ப்புச் சொன்னபோது, ஹெலிகாப்டர் ஓட்டிய இருவரின் பங்கையும் விட்டுவிடவில்லை. ஆனால் காரணங்களில் முதலில் வைத்தது, விமானங்கள் இறங்கும் பாதைக்கு இவ்வளவு பக்கத்தில் ஹெலிகாப்டர் பாதையை வைத்ததை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான்.

இது புதுசும் இல்லை. 1994 அக்டோபர் 25, காரா ஹல்ட்கிரீன், அமெரிக்கக் கடற்படையில் எஃப்-14 போர் விமானம் ஓட்டத் தகுதி பெற்ற முதல் பெண்களில் ஒருவர், விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வரும்போது இடது எஞ்சின் திணறி நின்று, கடலில் விழுந்து இறந்தார். தகுதி இல்லாமல் சலுகையில் தேர்ச்சி கொடுத்தார்கள் என்று உடனே வதந்தி பரவியது. பெற்ற தாய், மகளின் பயிற்சி மதிப்பெண்களை வெளியே எடுத்து நீட்ட வேண்டி வந்தது. அவர் கையிலும் தவறு இருந்தது என்று கடற்படையின் ஓர் உள் அறிக்கை சொன்னது உண்மை. ஆனால் அந்த எஞ்சின் அப்படித் திணறும் என்பது பல வருடமாகத் தெரிந்த சங்கதி, அதனால் ஆண்கள் ஓட்டிய விமானங்களும் விழுந்திருக்கின்றன. அந்த ஆண்களின் அம்மாக்களிடம் யாரும் மார்க்கு ஷீட் கேட்கவில்லை.

நம் மலேசியாவுக்கே வாருங்கள். 2024 ஏப்ரல் 23, லுமுட் கடற்படைத் தளம். கடற்படையின் 90ஆம் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை, இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 10 பேர் போனார்கள், அதில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருவரும் உண்டு. அன்று நாம் என்ன கேட்டோம்? எந்த உயரம், எந்தப் பாதை, யார் வரிசையை விட்டு விலகியது, ஒத்திகையை எப்படித் திட்டமிட்டார்கள் என்று கேட்டோம். ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் சரியான விசாரணை. அதே மரியாதையைப் பெண் ஓட்டினாலும் கொடுங்கள் என்கிறேன், வேறு சலுகை எதுவும் கேட்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் தளத்திலிருந்து போர் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கும் பெண் பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். நம் விமானப் படையில் பெட்ரிசியா யாப் மிக்-29 ஓட்டியதைப் பார்த்தவர்கள் நாம்.

எதிரணி அக்கா கடைசியாக ஒன்று கேட்டார், பெண் ஓட்டும் விமானத்தில் உங்கள் பிள்ளையை ஏற்றிவிடுவீர்களா என்று. ஏற்றிவிடுவேன் அக்கா, சோதனையில் தேறியவர் என்றால் யார் ஓட்டினாலும் ஏற்றிவிடுவேன். இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாஷிங்டனில் அந்த 33ஆம் எண் ஓடுதளம் பயன்பாட்டில் இருக்கும்போது அந்த ஹெலிகாப்டர் பாதையை மூடுங்கள் என்று வாரியம் அவசரமாகச் சொன்னது 2025 மார்ச்சில், 67 பேரும் இறந்து ஆறு வாரம் ஆனபிறகு. அதற்கு முந்தின மூன்று வருடத்தில் அதை மூட யாருக்கு அதிகாரம் இருந்தது? உங்கள் அணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார், அவர் எழுந்ததும் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.