ஏட்டுச் சுரைக்காய்

கோயில் அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களே, இந்தப் பர்மா மண்ணில் மோல்மேனிலிருந்தும் பகோவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, மாதர் சங்கத் தாய்மார்களே, பந்தல் போட்ட தம்பிகளே, மைக் செட் அண்ணனே (அவரை விட்டுவிட்டால் என் பேச்சு உங்களுக்குக் கேட்காது), அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி.

நாவல்கள் சொல்லித்தரும் வாழ்க்கைப் பாடங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று சொல்லப்போகிறேன்: அடுத்தவர் மனசு, பொறுமை, பணம்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. 1879இல் தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஊர் வழக்கையெல்லாம் கேட்ட மனிதர் கதை எழுத உட்கார்ந்தார். அதில் கதாநாயகனைவிட ஞானாம்பாள் கெட்டிக்காரி; ஆண் வேடம் போட்டு நாட்டையே ஆள்கிறாள்!

முதல் பாடம் அடுத்தவர் மனசு. அதற்கு என் அம்மா சொன்னது ஒன்று. மோல்மேன் பக்கம் ஒரு கிராமத்தில் அறுப்பு முடிந்ததும், ராத்திரி அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காருவார்களாம். எழுத்துத் தெரிந்த பெரியவர் ஒருவர் நாவல் வாசிப்பார். இருந்தது ஒரே புத்தகம். கடைசி அத்தியாயத்தைக் கரையான் தின்றுவிட்டது. கதாநாயகி மாமியார் வீட்டைவிட்டு இறங்கி நடக்கிறாள், அதோடு சரி. திரும்பி வந்தாளா? 'வராமல் எங்கே போவாள்?' என்றார்கள் ஆண்கள். பெண்கள் வாயே திறக்கவில்லை. அப்புறம் எதிர்வீட்டு ஆச்சி சொன்னாளாம்: 'வரமாட்டாள். நான் வந்து என்னத்தைக் கண்டேன்?' பக்கத்தில் தாத்தா வெற்றிலை மெல்வதையே நிறுத்திவிட்டாராம். பிற்பாடு மெட்ராஸிலிருந்து முழுப் புத்தகம் வந்து சேர்ந்தது. அதில் அவள் திரும்பி வந்து மாமியார் காலில் விழுகிறாள். ஆச்சி கேட்டுவிட்டு, 'எழுதினவனுக்கு விவரம் பத்தாது' என்று எழுந்து போய்விட்டாளாம்!

இந்தச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லையா?

இரண்டாவது பொறுமை. அது உங்களிடம் நிறையவே இருக்கிறது, என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே.

சரி, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழைக் காப்பாற்றியது கோயில் மண்டபங்கள்தான். பிள்ளைகள் அரிச்சுவடி படிக்கிறார்கள், தேவாரம் பாடுகிறார்கள். அதற்குமேல் வாசிக்க என்ன கொடுக்கிறோம்? கல்யாணப் பத்திரிகை! பர்மியக் கதைப் புத்தகம் கடையில் கிடைக்கிறது, அதையும் படிக்கட்டும். தமிழ் நாவலுக்கு எங்கே போவார்கள்? திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு ஒரு வரிசை குறைந்தால் அம்பாள் கோபிக்கமாட்டாள். அந்தக் காசில் இந்த மண்டபத்தில் ஓர் அலமாரி வையுங்கள். பூட்டுப் போடாதீர்கள். பூட்டினால் சாவி யாரிடம் என்பதற்கு ஒரு கமிட்டி போடவேண்டிவரும். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும், கைபட்டுத்தானே கிழிகிறது? ரங்கூன் தெருவில் சுரைக்காய்ப் பஜ்ஜியை விரும்பி வாங்கும் நாம், ஏட்டுச் சுரைக்காயை மட்டும் ஏன் ஒதுக்குகிறோம்?

மூன்றாவதுக்கு நேரமில்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். செயலாளர் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டில் இருக்கும் நாவல்களில் எதைத் தருவீர்கள் என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள். பந்தி அதற்கப்புறம்தான்.