பன்றி யாருடையது?

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில் நோபிள்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. மக்காச்சோளம், சோயா, பன்றி, இவைதான் அங்கே பிழைப்பு. அதன் தலைமை ஊரான வொர்திங்டனில் ஜேபிஎஸ் நிறுவனத்தின் இறைச்சி ஆலை, நாளொன்றுக்குச் சுமார் 20,000 பன்றிகள் அறுபடும் இடம். தொழிலாளர்களிடையே கொரோனா பரவியதால் 2020 ஏப்ரல் 20 அன்று அதை மூடினார்கள். மாநில எல்லை தாண்டி, தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் இருந்த பெரிய பன்றி இறைச்சி ஆலை அதற்கு முன்பே மூடிக் கிடந்தது.

மக்காச்சோளத்தைக் குதிரில் கொட்டி வைக்கலாம். பன்றியை என்ன செய்வது? ஆறு மாதத்தில் விற்கிற எடைக்கு வந்துவிடும். அதற்குமேல் போடும் தீவனம் நஷ்டம். அடுத்த ஈட்டுக் குட்டிகள் வேறு வந்துகொண்டே இருக்கும். அந்த மாதக் கடைசியில் ஆலையின் ஒரு பகுதியைத் திறந்தார்கள், பன்றிகளைக் கொன்று அப்புறப்படுத்துவதற்காக. நாளுக்கு 13,000 வரை கொல்ல முடியும் என்றார்கள். தீவனம் போட்ட கையாலேயே லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டிய நிலை. கால்நடை வளர்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 17 அன்றே வேளாண் துறை 1,600 கோடி டாலர் நேரடி நிவாரணம் அறிவித்தது. ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ள வேளாண் துறை அலுவலகங்கள் மே 26 முதல் விண்ணப்பம் வாங்கின. அந்த வேகத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற வளர்ந்த பன்றிக்குத் தலைக்கு 18 டாலர். அதற்குப் பிறகு, மே 14 வரை கையிருப்பில் நின்ற பன்றிக்கு 17 டாலர். ஆலைகள் மூடி, சந்தை படுத்த நாட்களுக்குத்தான் குறைந்த தொகை!

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் பணம் பன்றியின் சொந்தக்காரருக்கு. அமெரிக்காவில் பன்றி, கோழி வளர்க்கும் பலர் ஒப்பந்தக்காரர்கள். பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இது விளக்காமலே புரியும். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. கொட்டகை, கடன், கரண்ட் பில், ராத்திரி விழிப்பு எல்லாம் வளர்ப்பவருடையது. கையில் வருவது வளர்ப்புக் கூலி. கொட்டகை காலியானால் அந்தக் கூலியும் இல்லை. விலை ஏற்ற இறக்கம் உன்னைப் பாதிக்காது, நீ உரிமையாளரும் இல்லை என்று விதி அவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

2020 டிசம்பரில் வந்த புதிய சட்டம்தான் அவர்களுக்கு வழி திறந்தது. ஜனவரியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் மறுஆய்வுக்காக நிறுத்தி வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் 100 கோடி டாலர் வரை ஒதுக்கி, 2020இல் இழந்த வருமானத்தில் 80 சதவீதம் வரை தருவதாகச் சொன்னார்கள். ஆலை மூடிப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. கொட்டகைக்கு வாங்கிய கடனின் தவணை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

ஆலைக்குள் கத்தி பிடித்தவர்களையும் பண்ணைக் கூலியாட்களையும் கேட்கிறீர்களா? அவர்களுக்கான திட்டம் 2021 செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. ஆளுக்கு 600 டாலர்.