ஸ்குரூவுக்கு முன்னால் நீல மை

நேயர்களுக்கு வணக்கம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை மரக்கட்டையிலிருந்து அலுமினிய சேசிஸுக்கு (துப்பாக்கியைத் தாங்கும் உலோகச் சட்டம்) மாற்ற நினைக்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கான பேச்சு இது. ஷெவராய் மலையில் வெட்டிய பாக்சைட்டை மேட்டூரில் உருக்கி அலுமினியம் எடுத்த ஊர்க்காரர்கள் நாம். அதனால் உலோகத்தைப் பற்றிய பயம் வேண்டாம். ஆனால் "சேசிஸ் வாங்கினால் பெட்டிங்கே (துப்பாக்கி அசையாமல் படிய எபாக்ஸியால் படுக்கை செய்வது) தேவையில்லை, ரெண்டு ஸ்குரூ முடுக்கினால் முடிந்தது" என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) உருவி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே ஆலன் கீயை எடுங்கள்.

ஆக்‌ஷன் என்பது போல்ட் ஓடும் எஃகுக் கூடு, ரிசீவர் என்றும் சொல்வார்கள். ரெமிங்டன் 700 போன்ற உருண்டை ஆக்‌ஷன், சேசிஸின் 'வி' வடிவப் பள்ளத்தில் இரண்டே கோடுகளில் உட்காரும். ஆக்‌ஷனின் அடியில் நீட்டி நின்று, சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்கும் ரீகாயில் லக்கின் பின்முகம் சேசிஸில் முழுசாகப் படிய வேண்டும். அதன் முன்பக்கமும் அடியும் எதிலும் தொடக்கூடாது. அடி தட்டினால் ஆக்‌ஷன் பள்ளத்தில் இறங்காது, அதன் மேலேயே ஆடிக்கொண்டிருக்கும்.

இதைப் பார்க்க லேத் பட்டறையில் இருக்கும் நீல மை போதும். ஆக்‌ஷனின் அடியில் மெல்லிசாகத் தடவி, லேசாக முடுக்கி, கழற்றிப் பாருங்கள். பள்ளத்தின் இருபுறமும் நீளக் கோடு விழுந்தால் சரி. ஒரு மூலையில் மட்டும் பொட்டாக விழுந்தால், பள்ளத்தில் பிசிறோ பெயிண்ட் கட்டியோ இருக்கும். டிரிகர் பெட்டி சேசிஸில் இடிப்பதும் அடிக்கடி நடக்கும்.

முடுக்கும்போது ரைஃபிளின் பின்முனையை (பட்) தரையில் ஊன்றி, பேரல் மேலே பார்க்க நிறுத்துங்கள். ரைஃபிளின் எடையே லக்கைப் பின்னால் தள்ளிவிடும். முன் ஸ்குரூ, பிறகு பின் ஸ்குரூ என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ரெமிங்டன் 700 வகைக்கு வழக்கமான கணக்கு 65 இன்ச் பவுண்டு, அதாவது சுமார் 7.3 நியூட்டன் மீட்டர். பாயின்ட் 22 ரைஃபிள்களுக்குப் பல இடங்களில் இதைவிடக் குறைவு. தயாரிப்பாளர் கொடுத்த தாளைப் பாருங்கள்.

டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் கருவி) 65 காட்டிவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. வளைந்து உட்கார்ந்த ஆக்‌ஷனிலும் அது 65 காட்டும். அதைப் பிடிக்க டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) வேண்டும். காந்த ஸ்டாண்டை பேரலில் ஒட்டுங்கள், அலுமினியத்தில் ஒட்டாது. முள்ளைச் சேசிஸின் முன்பகுதியில் வைத்து, முன் ஸ்குரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் முள் நகர்ந்தால் ஆக்‌ஷன் வளைந்து கிடக்கிறது. அரம் போடாதீர்கள், அலுமினியத்தில் அதிகமாக எடுத்தால் திரும்ப வராது. மெல்லிய எபாக்ஸி பெட்டிங்தான் வழி. லக்கின் முன்பக்கம், பக்கவாட்டு, அடி மூன்றிலும் டேப் ஒட்டி, ஸ்குரூ துளைகளைக் களிமண்ணால் அடைத்து, ரிலீஸ் மெழுகு இரண்டு கோட் பூசவேண்டும். மெழுகை மறந்தால் ரைஃபிளும் சேசிஸும் ஒன்றாகிவிடும். இதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். பேரலிலும் ரிசீவரிலும் நீங்களாகக் கைவைப்பது 1959 ஆயுதச் சட்டத்தில் சிக்கலைக் கொண்டுவரும்.

முடுக்கிய பிறகு போல்ட் இறுகினால் முன் ஸ்குரூவைச் சந்தேகியுங்கள். நீளம் கூடி, நுனி போல்ட்டின் பூட்டுப் பல்லில் (போல்ட் லக்) உரசும். அதைக் கழற்றியதும் போல்ட் வழுக்கிக்கொண்டு மூடினால் அதுதான் காரணம். நுனியைக் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைக்கலாம். போல்ட் கைப்பிடி முழுசாக மூடியபோது சேசிஸில் தட்டவே கூடாது. தட்டினால் பூட்டு முழுமையாக விழாது, அது ஆபத்து.

மேகசினை டம்மி தோட்டா போட்டுப் பாருங்கள். உயரம் கூடினால் போல்ட் அதன் உதட்டில் உரசும். குறைந்தால் தோட்டாவின் மேலே சறுக்கிப் போய்விடும்.

கடைசியாக வெயில். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சுருங்கும். சேலத்தின் சித்திரை வெயிலில் முடுக்கி ஏற்காட்டுக் குளிருக்குப் போனால், 20 டிகிரி இறக்கத்தில் 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு 5, 6 மைக்ரான் வித்தியாசம் வரும். முடுக்கிய ஸ்குரூ நீள்வதே சில பத்து மைக்ரான்தான் என்பதால், பிடி கண்டிப்பாகக் குறையும். மேலே போனதும் ரைஃபிளை அரை மணி நேரம் ஆறவிட்டு, ரெஞ்சை 65-இல் வைத்துத் தொட்டுப் பாருங்கள். கிளிக் வருவதற்குள் ஸ்குரூ சுற்றினால் தளர்ந்திருக்கிறது. மறுபடி முடுக்கிவிட்டு ஜீரோவை (குறி வைத்த இடத்தில் குண்டு விழுகிறதா என்பதை) சரிபார்த்த பிறகே சுடுங்கள்.