கென்னடி அறையில் மாறிய கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

குவாரண்டைன் என்ற சொல்லைக் கொரோனா காலத்தில் சின்னப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டார்கள். 1962 அக்டோபரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை இருந்தது.

அந்த மாதம் 14ஆம் தேதி அமெரிக்க உளவு விமானம் எடுத்த படங்களில், அமெரிக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன. 16ஆம் தேதி காலை அதிபர் கென்னடிக்குச் சேதி போனது. ஆலோசனைகளை அவர் ரகசியமாக ஒலிப்பதிவு செய்ததால், அந்த அறையின் பேச்சை நாம் இன்றும் கேட்கலாம். முதல் நாள் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஏவுகணைகளை எப்படி ஒழிப்பது? கேள்வி அப்படி இருந்தால் பதில் குண்டுவீச்சுதானே! எத்தனை இடங்களில் போடுவது என்பதில்தான் விவாதம்.

நடுவில் கென்னடி சொல்கிறார்: நாம் திடீரென்று துருக்கியில் ஏவுகணைகளை வைத்தால் எப்படியோ, அப்படி அல்லவா இது, பெரிய ஆபத்து. உடனே ஆலோசகர் பண்டி, நாம் வைத்திருக்கிறோமே என்கிறார். ஆமாம், சோவியத் எல்லையை ஒட்டிய துருக்கியில் அமெரிக்காவின் 15 ஜூபிடர் ஏவுகணைகள் இருந்தன. அது வேறு காலம் என்று பேச்சு நகர்ந்துவிடுகிறது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். எதிராளி கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்பது மேசைக்கே வந்தும், யாரும் கையில் எடுக்கவில்லை.

அப்புறம் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி, முன்னறிவிப்பு இல்லாமல் தாக்கினால் அது, 1941இல் ஜப்பான் அமெரிக்காவைத் திடீரென்று தாக்கிய பேர்ல் ஹார்பர் போல ஆகிவிடும் என்றார். பேச்சு கடல்வழியை மறிப்பதன் பக்கம் திரும்பியது. முற்றுகை என்றால் சர்வதேசச் சட்டப்படி அது போர்ச் செயல். அதனால்தான் குவாரண்டைன் என்று பெயர் வைத்து 22ஆம் தேதி அறிவித்தார்கள்.

27ஆம் தேதிதான் உச்சம். பேச்சுவார்த்தையால் ஏவுகணைகள் போகாது என்று கென்னடி சலித்துக்கொள்கிறார். மாஸ்கோவில் தூதராக இருந்த தாம்சன் துணிந்து மறுக்கிறார். கியூபாவைக் காப்பாற்றினேன், படையெடுப்பைத் தடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு வழி வேண்டும் என்கிறார். எப்படி ஒழிப்பது என்ற கேள்வி, அவர் எப்படித் தலைநிமிர்ந்து திரும்புவார் என்ற கேள்வியாக மாறிய இடம் இது. மாஸ்கோவில் பழகிய மனிதர் ஒருவர் அந்த அறையில் இருந்தது பெரும் பாக்கியம் என்பேன்.

கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்ற உறுதி அன்றே குருஷ்சேவுக்குப் போனது. துருக்கி ஏவுகணைகளும் அகலும் என்று ரகசியமாகவும் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் குருஷ்சேவ் இணங்கினார். அடுத்த ஏப்ரலில், பண்டி நினைவூட்டிய அந்த 15 ஏவுகணைகளும் துருக்கியிலிருந்து சத்தமில்லாமல் இறக்கப்பட்டன.

நன்றி, வணக்கம்.