பனி பிளந்த கூரை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் பழைய கல்வீடு என்றதும் நமக்குக் கோட்டையும் கொத்தளமும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்த வீடு அந்த ரகம் இல்லை. ஆக்ஸ்போர்டுஷயரில், தேம்ஸ் நதி இன்னும் சின்ன ஆறாகவே ஓடும் இடத்தில், கெல்ம்ஸ்காட் என்றொரு கிராமம். அங்கே டர்னர் என்ற விவசாயக் குடும்பம் 1600 வாக்கில் கட்டிய வீடு இது. பெயர்தான் கெல்ம்ஸ்காட் மேனர், அதாவது ஜமீன் மாளிகை. உள்ளபடி வசதியான பண்ணை வீடு.

சுவரெல்லாம் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். 1665 வாக்கில் வடகிழக்கில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். அதற்குள் கையில் காசு புரண்டிருக்க வேண்டும். மேல்மாடி ஜன்னல்களுக்கு முக்கோண நெற்றியெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

சரி, சுவர் இருக்கட்டும். கூரைக்கு வருவோம், எனக்கு அந்த வீடே கூரைதான். வேய்ந்திருப்பது சுட்ட ஓடு அல்ல, கல் ஓடு. அந்த மாவட்டத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊர் இந்த ஓட்டுக்குப் பேர்போனது. அங்கே அந்தக் காலத்தில் கல்லைப் பிளந்தது உளி இல்லை, பனி. வெட்டியெடுத்த பாளங்களைக் குளிர்காலத்தில் வெளியே பரப்பி, ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். உள்ளே இறங்கிய நீர் உறைந்து விரிய, கல் அடுக்கு அடுக்காகப் பிரியும். அந்த வருடம் பனி ஏமாற்றிவிட்டால்? காய்ந்த கல் அப்புறம் பிளக்காது. அதனால் ஈரம் போகாமல் மண்ணில் புதைத்து, அடுத்த குளிருக்குக் காத்திருப்பார்கள்.

பிளந்த ஓட்டின் தலையில் ஒரு துளை. அதில் ஓக் மர முளையைச் செருகி ரீப்பரில் மாட்டிவிட்டால் தொங்கும். பெரிய ஓடுகள் கீழே இறவாரத்தில். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டருகே கையகலம்தான். அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். மழைநீர் சேர்ந்து பாய்வது கீழ்ப்பகுதியில். அங்கே ஓடு பெரிதானால் மூட்டு குறையும், ஒழுக்கும் குறையும். பெரிய கல்லின் பாரம் சுவரை ஒட்டியே நின்றுவிடும். பனி பல அளவில் உடைத்துக் கொடுத்த கல்லில் பொடிசும் வீணாகாது. மச்சுக்கு ஏறிப் பார்த்தால், இத்தனை பாரத்தையும் தாங்கும் உத்தரங்கள் தலையில் இடிக்கிற மாதிரி குறுக்கே கிடக்கும்.

1871-இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், ஓவியர் ரொசெட்டியோடு சேர்ந்து இந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். ரொசெட்டி 1874-இல் கிளம்பிவிட்டார். மாரிஸ் கடைசிவரை விடவில்லை. ஓடுகள் இப்படிச் சிறுத்துக்கொண்டே போவதில் அவருக்கு அப்படியொரு மயக்கம். புதுப்பிக்கிறோம் என்று பழைய தேவாலயங்களின் சுவரைச் சுரண்டியவர்கள் மேல் எரிச்சல்பட்டு, 1877-இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவரும் இவரே.

1896-இல் அவர் இறந்தபோது, உடலைப் பண்ணை வண்டியில் ஏற்றி அந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். கல்லறையை வடிவமைத்தவர் அவருடைய நண்பர், கட்டிடக் கலைஞர் பிலிப் வெப். சிலுவை இல்லை, சிலை இல்லை. நீளமான ஒரே கல், இருபுறமும் சரிந்து நடுவில் முகடு வைத்து, சின்னதாக ஒரு கூரை.