பட்டர்வொர்த்தும் பார்ட் தாள்களும்

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்றுப் பேசிய கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசைக்குப் பெருமை சேர்க்கும் மூத்த இசைவாணர்களே, காலையிலிருந்து மேடைக்கும் மைக்குக்கும் பாடுபட்ட தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த் 1885-இல் லண்டனில் பிறந்தவர். 1916 ஆகஸ்ட் 5 அன்று, பிரான்சில் பொசியேர் அருகே போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். வயது 31. அவர் திரட்டிய நாட்டுப்பாடல்கள், ஆடிய மாரிஸ் என்னும் ஆங்கில நாட்டுப்புற நடனம், ஆங்கிலக் கவிஞர் ஹௌஸ்மன் கவிதைகளுக்கு அமைத்த மெட்டுகள் என்று மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். 1914 மார்ச்சில் லண்டன் குவீன்ஸ் ஹாலில், பட்டர்வொர்த்தின் நண்பரான இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் 'லண்டன் சிம்பொனி' என்னும் பெரிய வாத்தியக்குழு இசை அரங்கேறியது. அதை எழுதும்படி தூண்டியவரே பட்டர்வொர்த்தான். பிறகு முழு ஸ்கோரும், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைப்பிரதி, ஜெர்மனிக்குப் போனது. ஆகஸ்டில் போர் மூண்டது. போன ஸ்கோர் போனதுதான்! எஞ்சியவை வாத்தியக்காரர்கள் எதிரில் வைத்து வாசித்த பார்ட் தாள்கள். வயலின் தாளில் வயலின் வரி மட்டும், கொம்பின் தாளில் கொம்பின் வரி மட்டும். நடுவே பத்து, இருபது பார், அதாவது தாளக் கட்டங்கள், மௌனம். அந்த மௌனத்தில் ஒரு பாரைத் தவறாக எண்ணினால் அதன்பின் எதுவும் எதோடும் சேராது. பட்டர்வொர்த், இசைக்குழு நடத்துநர் ஜெஃப்ரி டாய், இசையறிஞர் எட்வர்ட் டென்ட் ஆகியோர் துணையோடு அந்தத் தாள்களிலிருந்தே ஸ்கோர் மீண்டும் எழுந்தது. சிறு துரும்பு ஒரு சிம்பொனியையே மீட்டது, பெரியோர்களே! பின்னாளில் வான் வில்லியம்ஸ் அதை நண்பரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

அப்படிப்பட்டவர், போருக்குப் போகுமுன் நிறைவு தராத தம் படைப்புகள் பலவற்றைத் தாமே அழித்துவிட்டார். நெஞ்சு பொறுக்கவில்லை.

ஹௌஸ்மன் கவிதைகளுக்கு அவர் மெட்டமைத்து 1911-இல் வெளியான ஆறு பாடல்களில் ஒன்று 'இஸ் மை டீம் ப்ளௌயிங்' ('என் ஏர்மாடுகள் உழுகின்றனவா'). இறந்தவன் கேட்கிறான், உயிரோடிருக்கும் நண்பன் பதில் சொல்கிறான். இரு குரலையும் ஒருவரே பாட வேண்டும். ஆவியின் வரிகள் மெதுவானவை, மென்மையானவை. பலர் அங்கே வெறும் காற்றாய் ஊதிவிடுகிறார்கள். சொல் பின்வரிசைக்கு எட்டுவதில்லை. ஒலியைக் குறையுங்கள், மெய்யெழுத்தைக் குறைக்காதீர்கள். நண்பனின் வரிகளில் பியானோ தயங்கக் கூடாது.

நேரமில்லை, நடனத்தை விட்டுவிடுகிறேன். நாட்டுப்பாடலுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டு நோட்டு இருந்தால் துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பாடியவர் பெயர், ஊர், தேதியைப் பென்சிலால் குறியுங்கள். நகலெடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். வாசலில் பதிவேடு வைத்திருக்கிறோம். யாரிடம் என்ன நோட்டு இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.